பெரியவர் பக்கத்து வீட்டுக் கமோடு

எங்கள் காலனியில் முட்டி தேய்ந்த ஆட்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் எங்கள் வீட்டுப் பின்ஜன்னலுக்கு எதிரே, வேப்பமரத்தை ஒட்டி இருக்கிற பழைய கல்லறை. சதுரமாகக் கல் சுவர், மேலே இட்லிப் பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கும்மட்டம். உள்ளே படுத்திருப்பது ராஜாவா, ராஜாவுக்குச் சமைத்துப் போட்டவரா என்று யாருக்கும் தெரியாது. வாசலில் நட்டிருக்கிற பலகையிலேயே யாருடையது என்று தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. பேர் தெரியாதவரை மொட்டையாக எப்படிச் சொல்வது? நாங்கள் பெரியவர் என்று வைத்துக்கொண்டோம். அவருக்கு ஒரு மூலையில் அடிக்கல் தேய்ந்து, உடம்பு அந்தப் பக்கமாக இறங்கியிருந்தது. எனக்கு இடது கால்.

எங்கள் இரண்டு பேரில் அவருக்குத்தான் முதலில் வைத்தியம் நடந்தது. எனக்கு நடக்காமல் இருந்ததற்கும் அவர்தான் காரணம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் வீட்டுக்காரர் வேலையில் இருந்தவரை டெல்லியில் சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்தான் எங்களுக்கு. அவர் போன பிறகு மகன் இந்த வீட்டை வாங்கினான். கீழ்த்தளம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புளியும் அப்பளமும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினால் சீக்கிரம் வந்துவிடலாம். கல்லறையைப் பார்த்த வீடு என்று யாரும் கேட்காமல் கிடந்ததால் எங்களுக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருப்பவர் சத்தமே போடமாட்டார் என்று மகன் பெருமையாகச் சொன்னான். மாடி வீட்டுக்காரர்களை அப்போது நாங்கள் பார்த்திருக்கவில்லை.

இனி வருவது கக்கூஸ் சமாச்சாரம். அந்த வார்த்தையை இப்போது ஒரு தடவை எழுதிவிட்டேன். இனிமேல் அந்த இடம் என்றுதான் எழுதுவேன், வாசிக்கிறவர்கள் புரிந்துகொள்ளவேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனவள். எங்கள் டீச்சர் அதற்கு விரலைக் காட்டத்தான் சொல்லிக்கொடுத்தார், வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

வீட்டில் அந்த இடம் ஒன்றுதான். அதுவும் குத்தவைத்து உட்காருகிற பழைய மாதிரி. டாக்டர் என் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இனிமேல் குத்தவைக்கவே கூடாது என்றார். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும், அந்த இடத்துக்கு ஆளைக் கூப்பிட முடியுமா? மகன் அன்றைக்கே போனில் ஒரு கமோடு ஆர்டர் போட்டான். நாலாம் நாள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. பிளம்பரும் வந்தார். சுத்தியலை எடுத்து இரண்டு டைல்ஸை உடைத்தார். மூன்றாவதில் கை வைப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே விசில் சத்தம்.

பெரியவருக்குக் காவலாக அரசாங்கம் ஒரு ஆளைப் போட்டிருந்தது. காலையில் வெயில் படுகிற பக்கம், மதியம் நிழல் படுகிற பக்கம் என்று நாற்காலியை நகர்த்துவதுதான் அவர் வேலை. எங்கள் வரிசையில் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியை அறையாக்கினார்கள், அந்த அறைக்கு ஒரு பால்கனி கட்டினார்கள். பக்கத்து வீட்டில் மொட்டை மாடிக்கு மேலே இன்னொரு மாடி முளைத்தது. அப்போதெல்லாம் ஊதாத விசிலை எங்கள் இரண்டு டைல்ஸுக்கு ஊதினார். பழைய கட்டடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் எதையும் உடைக்கவோ கட்டவோ கூடாதாம், தொல்லியல் ஆபீஸில் அனுமதி வாங்கவேண்டுமாம்.

வேறு வீடாக இருந்தால் அவருக்கு ஒரு டீயைக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு வேலையை முடித்திருப்பார்கள். என் மகன் அனுமதி கேட்டான்.

அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? ரத்தம் அப்படி. அவன் அப்பா குவார்ட்டர்ஸில் கறிவேப்பிலைச் செடி வைக்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டவர். வைக்கலாம் என்று பதில் வந்தபோது நாங்கள் வேறு குவார்ட்டர்ஸுக்கு மாறியிருந்தோம்.

மாடி வீட்டு அம்மா பஞ்சாபிக்காரர். என்னை பாபிஜி, அதாவது அண்ணி, என்பார். அவர் காதில் விஷயம் விழுந்ததும் இறங்கி வந்து, நாங்கள் ஏதோ விஷத்தைக் குடித்துவிட்ட மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுட்டீங்களா, பாபிஜி? எழுதியா கேட்டீங்க? ஏன் கேட்டீங்க?"

அவர் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்தது. கேட்காதவரைக்கும் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. கேட்டபிறகு எங்கள் வீட்டுக்கு என்று ஒரு ஃபைல் பிறந்துவிட்டது. காவல்காரர் நாற்காலியை எங்கள் ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டில் இன்னொரு மாடி முளைத்தாலும் அவர் முதுகுக்குப் பின்னால் முளைக்கட்டும் என்ற மாதிரி.

ஆபீஸில் மகனிடம் நிறையக் கேட்டிருந்தார்கள். புதிய வேலையால் பழைய கட்டடத்தின் அழகு மறையுமா? கட்டடத்தின் உயரம் கூடுமா? மகன் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போக யோசித்து, மறையாது, கூடாது என்று எழுதினான். அந்த இடத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைக்கவேண்டுமாம். அவன் போட்டோ எடுத்தபோது நான் சமையலறையை விட்டு வரவில்லை. முன்பின் தெரியாத ஆபீஸில் முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எங்கள் வீட்டு அந்த இடத்தைக் கையில் வைத்துப் பார்ப்பார்களே என்று எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பதில் வருகிறவரை கமோடு பால்கனியில் இருந்தது. ஜூலை மழையில் அட்டைப்பெட்டி ஊறிக் கழன்று விழுந்தது. வெள்ளை வெளேரென்று தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை மருமகள் பழைய பெட்ஷீட் போட்டு மூடினாள். மாடி வீட்டுக்கு லூதியானாவிலிருந்து வந்த சொந்தக்காரர் அதைப் பார்த்து, மதராஸிகள் புதுச் சிலை எதுவும் வாங்கியிருக்கிறார்களா, எந்த நாளில் திறக்கிறார்கள் என்று விசாரித்தாராம்.

எனக்கு மகன் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துகொடுத்தான். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் நடுவில் வட்டமாக வெட்டி, பழையதின் மேலே வைத்தான். நாற்காலிக்கு நாலு கால், டைல்ஸ் உடைந்த பள்ளம் இரண்டு. உட்காரும்போதெல்லாம் பஸ்ஸில் போகிற மாதிரி இருக்கும். நான் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் பெரியவருக்கு யோகம் அடித்தது. அவரைப் பழுதுபார்க்க ஆள்கள் வந்தார்கள். மூங்கில் சாரம் கட்டி, பச்சை வலை போட்டு, காலையிலிருந்து சாயங்காலம்வரை டக் டக் என்று சுத்தியல் சத்தம். நூறு மீட்டர் சட்டம் பெரியவருக்கே கிடையாதாம். குழி வெட்டிச் சுண்ணாம்பை ஊறப்போட்டார்கள். அதில் சேர்க்க மூட்டை மூட்டையாக வெல்லம், வில்வப்பழம், உளுந்து. நல்ல முழு உளுந்து. பழைய காலத்துக் கட்டடத்துக்குச் சிமென்ட் ஆகாதாம், இப்படி ஊறவைத்துக் கலந்த சுண்ணாம்புதான் ஒட்டுமாம். ஜன்னல் வழியாக வருகிற வாசனையில் ஒரு நாள் புளித்த மாவும் ஒரு நாள் பாகும் தெரியும்.

"அத்தை, பெரியவருக்கு உளுந்தும் வெல்லமும். நமக்கு ஓட்ஸ்" என்றாள் மருமகள். சர்க்கரை இருப்பதால் எனக்கும் மகனுக்கும் அவள் ஓட்ஸ்தான் போடுவாள்.

அந்த வேலைக்கெல்லாம் மேலதிகாரி ஒரு பெண். கட்டடம் படித்தவள், ஜீன்ஸும் தொப்பியும் போட்டு மூங்கில் சாரத்தில் விறுவிறுவென்று ஏறுவாள். வேலை தொடங்கிய மறுநாளே எங்கள் கதவைத் தட்டினாள். கல்லறையில் எல்லாம் இருந்தது, அந்த இடம் மட்டும் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கென்று புதிதாக ஒன்று கட்டப்போகிறார்கள், அது வேலையில் கடைசி. அதுவரை அவள் என்ன செய்வாள்? வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லக் கூச்சம், அவளுக்குக் கேட்கக் கூச்சம். கதவைத் திறந்து விலகிக்கொண்டேன். அதன் பிறகு தினமும் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் வருவாள். நான் முன்னாடியே போய் நாற்காலியை எடுத்துப் பால்கனியில் மறைத்து வைத்துவிடுவேன். அவள் போனதும் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவேன். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வதோடு சரி. எங்களுக்குள் ஒரு பேச்சு நடந்ததில்லை.

ஒரு நாள் நான் உள்ளே இருந்தபோது நாற்காலியின் கால் ஒன்று பள்ளத்தில் இறங்கிவிட்டது. நாற்காலி சாய, நான் சுவருக்கும் அதற்கும் நடுவில் சொருகிக்கொண்டேன். அடி ஒன்றும் இல்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மகனும் மருமகளும் ஆபீஸில். கூப்பிட்டால் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அத்தனை கொத்தனார்களும் வந்துவிடுவார்கள். மானத்தோடு அங்கேயே இருந்துவிடலாம், சாயங்காலம் மகன் வருவான் என்று முடிவு செய்தேன். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் டக் டக் என்று பெரியவருக்கு நடந்துகொண்டிருந்தது. அவரை எத்தனை பேர் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

வழக்கமான நேரத்துக்கு அந்தப் பெண் வந்து கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்ஜன்னல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மாஜி, உள்ளேயா இருக்கீங்க?"

இருக்கிறேன் என்று சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். அவளுக்கும் அவசரமாக இருக்குமே என்று தோன்றியது. அதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

மாடி வீட்டு அம்மாவிடம் எங்கள் சாவி ஒன்று இருக்கும். இரண்டு பேருமாக வந்து ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். மாடி வீட்டு அம்மா தூக்கும்போதே கமோடு கதை, ஃபைல் கதை, லூதியானாக்காரர் கதை எல்லாவற்றையும் ஹிந்தியில் கொட்டிவிட்டார். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். அந்தப் பெண் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் வெட்டின நாற்காலியைப் பார்த்தாள், உடைந்த டைல்ஸைப் பார்த்தாள், பால்கனிக்குப் போய் பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்தாள். இதற்கு அனுமதியே தேவையில்லை என்றுதான் அவள் நினைக்கிறாளாம். ஆனால் ஒரு தடவை எழுதிக் கேட்டுவிட்டால் எழுதித்தான் பதில் வரவேண்டும், அவள் சொன்னால் செல்லாது. அது வருகிறவரை உடைக்காமல் ஏதாவது செய்யமுடியுமா என்று யோசித்தாள்.

சாயங்காலம் மகன் வந்ததும் அவனிடம் விளக்கினாள். அவர்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறதாம். பழையதை உடைக்கவே கூடாது. புதிதாக வைப்பது பழையதோடு கலந்துவிடாமல், பார்த்தால் இது புதுசு என்று தெரியவேண்டும். நாளைக்கு யாராவது புதியதை வேண்டாம் என்று எடுத்தால் பழையது அப்படியே இருக்கவேண்டும். பெரியவருக்கு அப்படித்தான் செய்கிறார்கள். அம்மாஜிக்கும் அப்படியே செய்துவிடலாம். பழையதை விட்டுவிட்டு, அதைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு மேடை, அதன் மேல் கமோடு. சுத்தியலே வேண்டாம்.

மகன் வெகுநேரம் யோசித்தான். உடைப்பதற்குத்தானே அனுமதி கேட்டிருக்கிறோம், உடைக்காமல் இருப்பதற்கு எதற்கு அனுமதி என்று அவனே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டான். கட்டுவதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது என்பதை நாங்கள் யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

வேலை செய்ய வந்த கொத்தனார் ராஜஸ்தான்காரர், பெரிய மீசை. மூன்று தலைமுறையாகக் கும்மட்டம் கட்டுகிற வீடு அவர்கள். அந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டார். அந்தப் பெண் போய் என்னவோ பேசினாள். இது கட்டடமில்லை, ஒரு வயதான மனுஷிக்கு வைத்தியம் என்று சொன்னாளாம். அவர் திரும்பி வந்தார், ஆனால் முறைத்த முகத்தோடுதான் கரண்டியைப் பிடித்தார். செங்கல் தூளும் சுண்ணாம்பும் உளுந்தும் கலந்து அவர் பூசினதைப் பார்த்தால் அங்கே உட்கார யாருக்கும் மனசு வராது, அவ்வளவு நேர்த்தி. விளிம்பு வளைத்து, மூலை மழுக்கி, பெரியவருடைய மேடை மாதிரியே இருந்தது. கமோடை அதன் மேல் ஏற்றினபோது ஒரு சாண் உயரம் கூடிவிட்டது. என்னை உட்கார்த்திப் பார்த்தார்கள், புடவையோடு, எல்லார் முன்னாலும். அந்த அவமானத்தை விரித்து எழுதமாட்டேன். கால் தரையில் எட்டவில்லை. கொத்தனார் மீசைக்குள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். கீழே ஒரு சின்னப் படி கட்டிக்கொடுத்தார்.

சுண்ணாம்பு சிமென்ட் மாதிரி இல்லை. மறுநாள் இறுகாது. ஈரச்சாக்கு போட்டு மூடி, வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அதுவரை? பெரியவர் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த புதிய இடம் அந்தச் சமயத்தில் தயாராகிவிட்டது. திறப்புவிழா மட்டும் பாக்கி. அந்தப் பெண் சாவியை என் கையில் கொடுத்தாள்.

"இத்தனை மாசம் உங்க வீட்டுக்கு நான் வந்தேன், அம்மாஜி. இனி எங்க வீட்டுக்கு நீங்க வாங்க."

அப்படியாக நாங்கள் மூன்று பேரும் பெரியவர் வீட்டுக்குப் போய்வந்தோம். காலையில் மருமகள் ஆபீஸ் உடையோடு, கையில் சாவியும் துண்டுமாக வேப்பமரத்தைத் தாண்டிப் போவாள். பின்னாலேயே மகன் போய் மரத்தடியில் தன் முறைக்கு நிற்பான். காவல்காரர் எழுந்து நின்று சலாம் வைப்பார். அங்கே கைப்பிடி எல்லாம் போட்ட நல்ல வெஸ்டர்ன். மந்திரியோ யாரோ வந்து ரிப்பன் வெட்டின அன்றைக்கு அதை நாங்கள் எவ்வளவோ பழசாக்கியிருந்தோம்.

எங்களுடையதும் இறுகியது. முதல் நாள் நான் படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தேன். ஒன்றையும் பிடிக்காமல் எழுந்தேன். அவ்வளவுதான். முட்டி வலிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்லவேண்டாம், வலிக்காதவர்களுக்குச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

மகனுக்குத்தான் நிம்மதி போய்விட்டது. உயரம் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறானே, ஒரு சாண் கூடிவிட்டதே. யாராவது பார்க்க வந்தால் எடுத்துவிடச் சொல்வார்கள், எடுக்கத் தோதாகத்தானே கட்டியும் இருக்கிறது என்று தினமும் புலம்புவான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணும் கொத்தனாரும் வேலை முடிந்து வேறு ஊர்க் கல்லறைக்குப் போய்விட்டார்கள். இதை எடுத்துவிட்டால் திரும்ப அந்த நாற்காலிதான்.

பயந்தபடியே ஒரு ஆள் வந்தார். நான் தனியாக இருந்த மதிய வேளை. தலை முழுக்க நரை, கழுத்தில் மஃப்ளர், கக்கத்தில் எங்கள் ஃபைல். இரண்டு படி ஏறுவதற்குள் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் ஆண்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஏதாவது உடைத்தீர்களா என்றார். அந்த இரண்டு டைல்ஸைத் தவிர இல்லை என்றேன், அது போட்டோவிலேயே இருக்கிறது. உயரம் கூடியிருக்கிறதா என்றார்.

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் மகன் எழுதினது பொய். ஐந்தாம் வகுப்பில் கற்றுக்கொண்டபடி அந்தப் பக்கம் விரலைக் காட்டினேன்.

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அளக்கிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"மாதாஜி, நான் துவாரகாவிலேருந்து வரேன். கல்லறைப் பக்கத்துல இருக்கறதைப் பூட்டி வச்சிருக்காங்க."

துவாரகா டெல்லியின் அந்தக் கோடி. பூட்டியிருப்பதும் உண்மை. ரிப்பன் வெட்டின மறுநாளிலிருந்து, யாராவது வந்து அழுக்காக்கிவிடுவார்கள் என்று காவல்காரர் அதைத் திறப்பதே இல்லை.

சரி என்று தலையாட்டினேன். கதவு சாத்திக்கொண்டது. நான் சமையலறைக்குப் போய், அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் மிக்ஸியைப் போட்டேன். பாவம், அவருக்கும் கூச்சமாக இருக்குமே. வெறும் மிக்ஸி சூடாகி வாசனை வரும்வரை ஓட்டினேன்.

வெளியே வந்தவர் வேறு ஆளாக இருந்தார். காபி கொடுத்தேன், நின்றபடி குடித்தார். ஃபைலைத் திறந்து சுவரில் வைத்து என்னவோ எழுதினார். எழுதிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் படியோட சேர்த்து யார் கட்டினது? எங்க வீட்ல இருக்கறது ரொம்பத் தாழ்வு."

நான் ஜன்னல் வழியாகப் பெரியவரைக் காட்டினேன். அவரைப் பழுதுபார்த்த கொத்தனார்தான் என்றேன். கொத்தனார் போன ஊரின் பேர் எனக்குத் தெரியவில்லை. ஃபைல்காரர் ரொம்ப வருத்தப்பட்டுப் போனார்.

கடிதம் போன வாரம் வந்தது. வேலையால் பழைய கட்டடத்துக்குப் பாதிப்பு இல்லை, அனுமதி உண்டு, உடனே வேலையைத் தொடங்கலாம், தொடங்குவதற்கு முன்னால் ஆபீஸுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று இருந்ததாம். மகனுக்குச் சந்தோஷத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த நிமிஷமே கவலை வந்துவிட்டது. முடிந்த வேலையைத் தொடங்கப்போகிறோம் என்று எப்படித் தெரிவிப்பது? தெரிவிக்காவிட்டால் தப்பாயிற்றே. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்துக் கதவுக்கு வெளியே வந்து நின்றான். நான் உள்ளே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே பெரியவரைப் பார்க்க ஒரு கூட்டம் வந்து, யாரோ சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, தொடங்கலாம்னு எழுதியிருக்காங்க. இப்ப என்ன செய்யறது?"

முன்பெல்லாம் உள்ளேயிருந்து நான் ஒரு இருமல்கூட இருமமாட்டேன்.

"நான் உட்கார்ந்தாச்சுப்பா" என்றேன், நன்றாகக் கேட்கிற மாதிரி.

ஜன்னலுக்கு வெளியே பேச்சு நின்றது. திரும்பி ஜன்னலைப் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.